மூன்று பேருக்கான வீடு

ஆயுசெல்லாம் பொய் சொல்லி வாழ்கிறவனுக்குப் பயம் விட்டுப்போய்விடும். ஒரே ஒரு பொய் சொன்னவன் பாடுதான் திண்டாட்டம். பாய்லர்காரர் சொன்ன பொய் ஓர் எண் அளவுதான். நான்கு என்று எழுத வேண்டிய கட்டத்தில் மூன்று என்று எழுதினார். அன்றிலிருந்து ஆறு வாரம் அவருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நீராவி பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து அவர் இந்த நகரத்துக்கு வந்தார். விரிப்புகளை வெளுப்பது, கத்தி கத்தரிகளைக் கொதிக்க வைப்பது, முந்நூறு நோயாளிகளுக்குச் சமைப்பது எல்லாம் அவர் அனுப்பும் நீராவியில்தான் நடந்தது. மணிக்கு ஒரு முறை அழுத்தத்தைப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். மற்ற பாய்லர்காரர்கள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து எட்டு மணி நேரத்துக்கும் மொத்தமாக நிரப்பிவிடுவார்கள். இவர் அதைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார். பழைய ஊர் வேலையையும் சேர்த்து இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அழுத்தமானியின் முள்ளைப் பார்க்காமல் அவர் ஓர் எண்ணைக்கூட எழுதியதில்லை.

குடும்பத்தில் அவர், மனைவி, பத்தாவது படிக்கும் மகள், அவருடைய அக்கா. அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். தாயும் தகப்பனும் ஒரே வருஷத்தில் போனபோது அக்காவுக்கு இருபத்து மூன்று, தம்பிக்கு ஒன்பது. அந்த வருஷமே அவள் நெசவு மில்லில் தறி ஓட்டப் போனாள். தம்பியைப் படிக்க வைத்தாள், பாய்லர் பரீட்சைக்கு அனுப்பினாள், பெண் பார்த்துக் கட்டி வைத்தாள். தனக்கென்று ஒரு கல்யாணம் என்பதை அந்த அவசரத்தில் மறந்தே போனாள்.

முப்பது வருஷம் தறிகளுக்கு நடுவே நின்றதில் காது போய்விட்டது. பதிலுக்கு ஒரு வித்தை வந்தது. தறிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது என்பதால் அங்கே பெண்கள் சத்தமே இல்லாமல் உதட்டால் பேசிக்கொள்வார்கள். பத்துத் தறி தள்ளி நிற்கிறவளின் உதடு அசைவதைப் பார்த்தே, காலையில் அவள் மாமியார் என்ன சொன்னாள் என்று அக்கா தெரிந்துகொள்வாள். ஆனால் தன் குரல் தனக்குக் கேட்காததால், அவள் வாய் திறந்து பேசினால் தெருக்கோடி வரை போகும். ரகசியம் என்று நினைத்து அவள் சொல்வது பக்கத்து வீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பும்.

இந்தக் குரல்தான் அவர்களுக்கு வீடு கிடைக்காமல் அடித்தது.

சாமான்களோடு வந்து ஒரு விடுதியில் இறங்கியிருந்தார்கள். ஓர் அறை, இரண்டு கட்டில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பெட்டியும் பாத்திரமும் கூரை வரை அடுக்கியிருந்ததால் ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்கார்ந்தாக வேண்டும். வீடு பார்த்துக் கொடுக்க ஒரு தரகர் வந்தார். இடுப்பில் இருபது சாவி தொங்கும். மகள் அவருக்குச் சாவிக்கொத்து என்று பேர் வைத்தாள், அதுவே நிலைத்தது.

சாவிக்கொத்து காட்டிய வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஒன்றில் சமையலறைக்குள் ஆள் போனால் கதவு மூடாது. ஒன்றில் குளியலறையைத் தாண்டித்தான் படுக்கையறைக்குப் போக வேண்டும். அதற்கும் யானை விலை குதிரை விலை சொன்னார்கள். சரி என்று தலையாட்டினால் அடுத்த கேள்வி, எத்தனை பேர். நாலு என்றதும் முகம் மாறும். அதையும் மீறி ஒத்துக்கொண்ட ஓர் ஆள் இருந்தார். பத்தொன்பதாவது வீடு. கையெழுத்துப் போடும் நேரத்தில் அக்கா குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி நூல் மாதிரி வருதே, இதுல குளிக்கிறதா, கோத்துத் தைக்கிறதா?" என்று கேட்டாள். அவள் மெதுவாகக் கேட்டதாகத்தான் நினைத்தாள். எதிர் வீட்டு ஜன்னல் இரண்டு திறந்தன.

வீட்டுக்காரர் பேனாவை மூடிவிட்டார். "இவங்க எப்பவும் இப்படித்தானா?"

"எங்கக்கா. காது கேக்காது."

"எனக்குக் கேக்குமே" என்றார் வீட்டுக்காரர்.

கொஞ்சம் குழைந்து பேசியிருந்தால் காரியம் ஆகியிருக்கலாம். அந்தக் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை. ஒரு தடவை கேட்பார்கள், இல்லை என்றால் படி இறங்கிவிடுவார்கள். இறங்கும்போது அக்கா முன்னால் போவாள், தம்பி பின்னால் போவார், இருவர் முதுகும் அளவுகோல் வைத்தது போல நேராக இருக்கும்.

முதுகு நேராக இருந்தால் ஆயிற்றா? பள்ளிக்கூடத்தில், வெள்ளிக்கிழமைக்குள் வீட்டு ஒப்பந்தத்தைக் காட்டாவிட்டால் மகளுக்கு ஒதுக்கிய இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்றார்கள். அதே வாரம் விடுதிக்காரரும் அறை வேண்டும் என்றார். சாவிக்கொத்து பாய்லர்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சார், தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு ஒரு வீடு இருக்கு. அக்காவைக் கூட்டிட்டு வராதீங்க."

இருபத்து நாலாவது வீடு. மூன்று தளக் கட்டடம் அது. கீழே வீட்டுக்காரம்மா, நடுவில் எப்போதும் பயணத்திலிருக்கும் ஒரு வியாபாரி, மேல் தளம் காலி. இரண்டு அறை, வெளிச்சம், காற்று, திறந்தால் திறக்கிற ஜன்னல். மனைவி சமையலறை மேடையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பாய்லர்காரர் பார்த்தார்.

வீட்டுக்காரம்மா அறுபத்தைந்து வயசிலும் தூண் மாதிரி நின்றாள். முப்பத்தொரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். பேசும்போது கண் ஆளை எண்ணிக்கொண்டே இருக்கும். "தண்ணித் தொட்டி சின்னது. மூணு பேருக்கு மேல குடுக்கிறதில்ல. எத்தனை பேர்?"

"மூணுதாம்மா" என்றார் சாவிக்கொத்து.

"உங்களைக் கேக்கல. அவரைக் கேக்கறேன்."

பாய்லர்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள். அன்றைக்குக் கிழமை வியாழன்.

"மூணு" என்றார்.

அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். குடியிருப்போர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் அவரே தன் கையால் எழுதினார். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. கொடுத்த தகவல் பொய் என்று தெரிந்தால் மூன்று நாளில் காலி செய்ய வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

படி இறங்கும்போது மனைவி கேட்டாள். "ஏங்க, அண்ணிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"கொஞ்ச நாள் போகட்டும். நல்லாப் பழகினதுக்கு அப்புறம் நானே அந்தம்மாகிட்ட எடுத்துச் சொல்றேன்."

"அண்ணிகிட்ட என்னன்னு கேட்டேன்."

மூன்று பேர் என்று எழுதிவிட்டு வந்தேன் என்பதை, தன்னை வளர்த்தவளின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அதற்குத்தான் இரண்டாவது கதை ஒன்று கட்டினார். கீழே இருக்கிற அம்மாவுக்கு நெஞ்சுவலி, சத்தம் ஆகாது, டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆள் நடமாட்டத்தைப் பார்த்தாலே படபடப்பு வந்துவிடும். அதனால் அக்கா கொஞ்ச நாளைக்குக் கீழே இறங்க வேண்டாம், வாய்விட்டுப் பேச வேண்டாம்.

"அடப் பாவமே" என்றாள் அக்கா. "தனியா இருக்காங்களா? பார்த்துக்க ஆள் இல்லையா?"

"இருக்காங்க, இருக்காங்க" என்று உதட்டை அசைத்தார்.

சாமான் ஏற்றிய அன்று வீட்டுக்காரம்மா ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து அக்காவை மேலே கொண்டுவந்தார்கள். அக்கா உள்ளே நுழைந்து சுற்றிப் பார்த்தாள். ஜன்னலருகே போய் நின்று காற்றை வாங்கினாள். பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்து, குரல் எழுப்பாமல், உதட்டால் மட்டும் சொன்னாள். "நல்ல வீடுடா."

அன்று முதல் அந்த வீடு தறிக்கூடமாயிற்று. சத்தம் இல்லாத தறிக்கூடம். நாலு பேரும் உதட்டாலேயே பேசினார்கள். உப்பு எடு என்பதும் உதட்டில், விளக்கை அணை என்பதும் உதட்டில். அக்காவுக்கு இது பிடித்துப் போயிற்று. இத்தனை வருஷமாக வீட்டில் மற்றவர்கள் பேச்சில் பாதியை அவள் தவறவிட்டுக்கொண்டிருந்தாள், இப்போது ஒரு சொல் தப்பவில்லை. மகள் இரண்டே வாரத்தில் தேறிவிட்டாள். அத்தையும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து மணிக்கணக்காக வாயசைத்துச் சிரிப்பார்கள், சிரிப்பிலும் சத்தம் வராது. பாய்லர்காரர் வாசலில் நின்று அதைப் பார்ப்பார். தன் வீட்டில் தன் மகள் சத்தமில்லாமல் சிரிக்கப் பழகிவிட்டாள்.

பயத்துக்கு ஆயிரம் காது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் நாலு பேர் கையும் அந்தரத்தில் நிற்கும். அக்கா மற்ற மூவர் முகத்தையும் பார்த்துத் தானும் நின்றுவிடுவாள். மொட்டைமாடிக் கொடியில் மூன்று பேர் துணிதான் காயும். அக்காவின் துணியை மனைவி உள்ளே கயிறு கட்டி உலர்த்தினாள், அதற்கு ஒரு ஈர நாற்றம் வந்தது. வாசலில் மூன்று ஜோடி செருப்பு. நாலாவது ஜோடி கட்டிலுக்கு அடியில்.

நாலாவது வாரம் ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரம்மா. "தண்ணி எதிர்பார்த்ததைவிட சீக்கிரம் தீருது. குழாய் ஒழுகுதான்னு பார்க்கணும்."

பாய்லர்காரர் கதவைத் திறந்தபோது மனைவி சமையலறையில் இருந்தாள். அக்கா குளிக்கப் போயிருந்தாள். வீட்டுக்காரம்மா நேராகக் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"உள்ள யாரு?"

"அம்மா" என்றாள் மகள், கண் இமைக்காமல். பதினைந்து வயசுப் பெண்ணுக்கு அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. சமையலறையில் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. மனைவி அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அடுப்பில் ஏதோ பொங்கி வழியும் வாசம் வந்தது. அணைக்க முடியாது.

வீட்டுக்காரம்மா குளியலறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். "என் சர்வீஸ்ல பாதி இப்படித்தான் போச்சு" என்றாள், சாவதானமாக. "டிக்கெட் இல்லாதவன் கழிப்பறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவான். நான் வெளியில நிப்பேன். எத்தனை ஸ்டேஷன் ஆனாலும் நிப்பேன். அவசரம் அவனுக்குத்தானே, எனக்கென்ன."

உள்ளே அக்கா தொண்டையைச் செருமினாள். பாய்லர் அறையில் பாதுகாப்பு வால்வு ஊதப் போகும் முன் ஒரு கணம் வருமே, அழுத்தம் எல்லாம் கூடி நிற்கும் கணம், அதே கணத்தில் அவர் நின்றார். அக்கா குளிக்கும்போது தன்னை மறந்து ஏதாவது பேசிக்கொள்வது வழக்கம். இப்போது வாய் திறந்தால் முடிந்தது கதை.

"இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கல, சளி பிடிச்சிருக்கு" என்றாள் மகள்.

"கஷாயம் போட்டுக் குடுங்க" என்றாள் வீட்டுக்காரம்மா. இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சமையலறைப் பக்கம் மூக்கைத் திருப்பி, "அடுப்புல என்னமோ தீயுது" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? அந்தக் கேள்வி பாய்லர்காரரை அரித்தது. வேலையில் கை தவறியது. ஒரு நாள் தண்ணீர் மட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்று, பார்த்ததை மறந்து, திரும்பப் போய்ப் பார்த்தார். இன்னொரு நாள் அழுத்தம் ஏறுவதைக் கவனிக்காமல் விட்டு வால்வு கூரை அதிர ஊதியது. இன்ஜினியர் ஓடி வந்தார். "உங்களுக்கா இப்படி?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. இங்கே இன்னும் நிரந்தரம் ஆகாத வேலை. வீடு போனால் பள்ளிக்கூடம் போகும். பிள்ளையைத் தெருவில் வைத்துக்கொண்டு எந்த அழுத்தமானியைப் பார்ப்பது?

ஆறாவது வாரம் மகளுக்குப் பரீட்சை தொடங்கியது. அன்று பகல் ஷிஃப்ட் முடிந்து அவர் தெருமுனையில் திரும்பும்போதே அக்காவின் குரல் கேட்டது.

முதலில் பிரமை என்று நினைத்தார். ஆறு வாரமாக அந்தக் குரலைக் கேட்டுவிடுவோமோ என்று பயந்து பயந்து, கேட்காத நேரத்திலும் அது காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எதிர்க் கடைக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்ததும் ஓடத் தொடங்கினார்.

நடந்தது இதுதான். நெஞ்சுவலியோடு ஒருத்தி கீழே தனியாகக் கிடக்கிறாள், ஒரே கட்டடத்தில் ஆறு வாரம் இருந்துகொண்டு ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்றால் நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள், நாம் என்ன மனுஷ ஜென்மமா என்று அக்காவுக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மனைவி கடைக்குப் போன சமயம், நாலு ஆரஞ்சுப் பழத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு, படபடப்பு வரக்கூடாதே என்று செருப்புக்கூடப் போடாமல் படி இறங்கிவிட்டாள்.

பாய்லர்காரர் வாசலுக்குள் நுழைந்தபோது வீட்டுக்காரம்மா தன் கதவைத் திறந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம். முகம் இருட்டாக இருந்ததால் அவள் உதடு அக்காவுக்குத் தெரியவில்லை. அதனால் கேள்வி எதுவும் போய்ச் சேரவில்லை.

"யாரு நீங்க?" என்றாள் வீட்டுக்காரம்மா.

"எதுக்கு எழுந்து வந்தீங்க? படுத்துக்க வேண்டியதுதானே" என்றாள் அக்கா.

"எந்த வீடு?"

"நெஞ்சுவலியை லேசா எடுத்துக்கக் கூடாது. எங்க மில்லுல ஒருத்தி இப்படித்தான் அசட்டையா இருந்தா."

"யாருக்கு நெஞ்சுவலி?"

"பழம் சாப்பிடலாமா? டாக்டர் ஒண்ணும் சொல்லலையே?"

வீட்டுக்காரம்மாவின் கண் அக்காவைத் தாண்டி வாசலில் மூச்சிரைக்க நின்ற மனிதரிடம் வந்தது. "வாங்க. சரியான நேரம். இவங்க யாரு?"

அக்காவும் திரும்பினாள். தம்பியைக் கண்டதும் முகம் மலர்ந்தது, கூடவே இறங்கி வந்ததற்கு ஒரு குற்ற உணர்வும் தெரிந்தது. "கோவிச்சுக்காதடா. ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்னு வந்தேன்."

பாய்லர்காரர் இரண்டு அடி வைத்து அக்காவைக் கடந்தார். தன் முதுகு அக்காவுக்கும் முகம் வீட்டுக்காரம்மாவுக்கும் இருக்கும்படி நின்றார். தற்செயலாக அப்படி நிற்கவில்லை. தன் உதட்டை அக்கா பார்க்கக்கூடாது என்று தெரிந்தே நின்றார். அப்படி நின்றுகொண்டு, "வீட்டு வேலைக்கு வர்றவங்க" என்றார்.



வீட்டுக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வேலைக்கு வர்றவங்களுக்குக் காது கேக்காதோ?"

"கேக்காது."

"அப்ப முகத்தை எதுக்கு அவங்ககிட்ட இருந்து மறைச்சுக்கிட்டு பேசறீங்க? டிக்கெட் இல்லாதவங்க என்கிட்ட இருந்து மறைப்பாங்க. நீங்க அவங்ககிட்ட மறைக்கறீங்க." அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "திரும்புங்க. நீ யாருன்னு நான் கேக்கறேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்களே பதில் சொல்லட்டும்."

அவர் திரும்பினார். ஒன்றரை அடி தூரத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், பழப்பையை மார்போடு அணைத்து, வெறுங்காலோடு. அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயசிலிருந்து அவர் பார்த்து வளர்ந்த முகம் அது. அதைப் பார்த்துக்கொண்டு வேறு எப்படிப் பேச முடியும்? முப்பத்தைந்து வருஷப் பழக்கம் தானாக வாயைத் திறந்தது.

"நீ யாருன்னு கேக்கறாங்க அக்கா" என்றார்.

வீட்டுக்காரம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"அந்த 'அக்கா' போதும்" என்றாள் வீட்டுக்காரம்மா.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னடா விஷயம்? நான் யாருன்னு இவங்களுக்குத் தெரியாதா? ஆறு வாரமா இருக்கோமே."

இனி மறைக்க ஒன்றுமில்லை. அவர் ஒவ்வொரு சொல்லாக உதட்டில் வைத்துச் சொன்னார். வீடு கிடைக்கவில்லை என்பதற்காக மூணு பேர் என்று எழுதிக் கொடுத்தேன். இவங்களுக்கு நெஞ்சுவலி என்றது நான் கட்டிய கதை. இப்போது உன்னை வேலைக்கு வருகிறவள் என்று சொன்னேன்.

"திரும்பச் சொல்லு" என்றாள் அக்கா.

பத்துத் தறி தள்ளி நிற்கிறவளின் உதட்டைப் படித்தவளுக்கு, கைக்கெட்டும் தூரத்தில் நின்ற தம்பியின் உதட்டை இரண்டாம் தடவை படிக்க வேண்டியிருந்தது. அவர் கடைசி வாக்கியத்தை மறுபடி சொன்னார். முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது.

அக்கா அழவில்லை. பழப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "வேலைக்கு வர்றவளுக்கு வாரம் ஒரு நாள் லீவு உண்டு" என்றாள். "எனக்கு எப்ப குடுத்தே?"

வீட்டுக்காரம்மாவின் உதடு ஓரத்தில் லேசாகத் துடித்தது. உடனே அடக்கிக்கொண்டாள். வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி ஒரு அடி முன்னால் வந்து, அக்காவைப் பார்த்து நிதானமாகப் பேசினாள். "நாலுன்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களான்னு கேட்டா, குடுத்திருக்க மாட்டேன். உள்ளதைச் சொல்றேன். காகிதப்படி மூணு நாள்ல காலி பண்ணணும். ஆனா உங்க வீட்டுப் பொண்ணுக்குப் பரீட்சை நடக்குது. மாசக் கடைசி வரைக்கும் இருந்துட்டுப் போங்க."

மாசக் கடைசிக்கு இருபத்தாறு நாள் இருந்தது. பாய்லர்காரருக்கு உயிர் வந்தது. இருபத்தாறு நாளில் சாவிக்கொத்து எப்படியும் ஒரு கதவைத் திறந்துவிடுவார். கைகூப்பி நன்றி சொல்ல அவர் வாயெடுத்தார்.

"வேண்டாம்" என்றாள் அக்கா. குரல் கூடத்தில் மோதி மாடிப்படி வழியாக மேலே போயிற்று. "பரீட்சை பன்னெண்டு நாள்ல முடியுது. பதிமூணாம் நாள் காலையில சாவி உங்க கையில இருக்கும். அதுக்கு மேல ஒரு நாள்கூட எங்களுக்கு வேண்டாம். பொய் சொல்லிக் குடிவந்தோம். சலுகையும் வாங்கிக்கிட்டா நாங்க எப்படித் தலை நிமிர்ந்து படி இறங்கறது?"

அக்கா என்று வாயசைத்தார் தம்பி. ஒரு தடவை யோசி என்று கெஞ்சும் வாயசைப்பு. பதிமூன்று நாள். இருபத்து நாலு வீடு பார்க்க ஒன்றரை மாசம் ஆயிற்று. ஆனால் அக்கா அவரைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை. உதட்டைப் பார்க்காவிட்டால் அவளிடம் யாரும் எதுவும் பேச முடியாது.

அவள் பையை வீட்டுக்காரம்மாவின் கையில் கொடுத்தாள். "பிடிங்க. வியாதி இல்லாதவங்களும் பழம் சாப்பிடலாம்."

வீட்டுக்காரம்மா வாங்கிக்கொண்டாள். டிக்கெட் இல்லாமல் வந்தவர்கள் முப்பத்தொரு வருஷத்தில் அவளிடம் அழுதிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள், குதித்து ஓடியிருக்கிறார்கள். அடுத்த ஸ்டேஷனுக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்கிறேன் என்று யாரும் சொன்னதில்லை. தலையை ஒரு தரம் அசைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அக்கா படி ஏறினாள், தம்பி பின்னால் ஏறினார். முதல் மாடித் திருப்பத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள். அவர் அவளுக்கு எதிரே வந்து நின்றார், வெளிச்சம் முகத்தில் படும்படி.

"பதிமூணு நாள்ல வீடு எங்கே கிடைக்கும் அக்கா?"

"கிடைக்கலைன்னா விடுதிக்குப் போவோம்."

"அங்க இடமிருக்கோ என்னவோ. பாப்பாவோட பள்ளிக்கூடத்துக்கு வேற விலாசம் குடுக்கணும். என் வேலை வேற இன்னும்..."

"தெரியுது. பயமா இருக்கு, அவ்வளவுதானே?"

"ஆமா."

"எனக்கும்தான் இருக்கு" என்றாள் அக்கா. அந்தக் கட்டடம் முழுக்க அது கேட்டது. "இருந்துட்டுப் போகட்டும். விடுதியில எத்தனை பேர்னு எழுதினே?"

"நாலு."

"பாய்லர் பரீட்சைக்கு உன்னை அனுப்பினப்ப என்னடா சொல்லி அனுப்பினேன்?"

பார்த்ததை மட்டும் எழுதுடா என்று அவள் அன்றைக்குச் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கைப்பிடியைப் பற்றி மேலே ஏறினாள்.

மேல் தளக் கதவு திறந்திருந்தது. கடையிலிருந்து திரும்பிய மனைவிக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அக்காவின் குரலே எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்திருந்தது. அவள் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கிக் கூடத்தின் நடுவில் வைத்து, கண்ணாடிப் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றத் தொடங்கியிருந்தாள். பதிமூன்று நாள் இருக்கும்போது இப்போதே எதற்கு என்று பாய்லர்காரர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அடுத்த தாளை எடுத்து நீவிக் கொடுத்தார்.